கனெக்ஸின் பவுடர் வாங்கலாமா? மகளின் காதும் தாத்தாவின் இதயமும்

கேள்வி: டாக்டர் ஐயா, எங்களுக்கு மன்னார்குடி பக்கம் ஒரு கிராமம். நான் என் தாய்மாமனைத்தான் கட்டியிருக்கிறேன். மகளுக்கு ஒன்றே முக்கால் வயது. பக்கத்தில் வெடி வெடித்தாலும் திரும்பிப் பார்க்க மாட்டாள். பெரா டெஸ்ட் எடுத்து இரண்டு காதும் கேட்கவில்லை என்று சொல்லிவிட்டார்கள். ரத்தம் அனுப்பிப் பார்த்ததில், ஜிஜேபி2 என்ற மரபணுவின் இரண்டு பிரதியிலும் டபிள்யூ24எக்ஸ் மாற்றம் இருக்கிறது, அதனால் கனெக்ஸின் 26 என்ற புரோட்டீன் உண்டாகவில்லை என்று ரிப்போர்ட் வந்திருக்கிறது. செல்லுக்கும் செல்லுக்கும் நடுவே உள்ள வழி அது, வயலுக்கு வயல் வெட்டிவிடும் மடை மாதிரி என்று வீட்டுக்காரர் படித்துவிட்டுச் சொன்னார். இதயத்திலும் அது உண்டாமே? என் தாத்தாவுக்கு, அவர்தான் மாமனாரும், போன வருஷம் மாரடைப்பு வந்தது. அதுவும் இதுவும் ஒன்றா? மகளின் இதயத்துக்கும் ஆபத்தா? போனில் பார்த்து ஒருவரிடம் பேசினோம். கனெக்ஸினைக் கூட்டும் பவுடர் இருக்கிறது, ஆறு மாதம் கொடுத்தால் ஆபரேஷன் வேண்டாம் என்கிறார். மாதம் 4,800 ரூபாய். நான் இப்போது ஐந்து மாதம். அடுத்த பிள்ளைக்கும் இப்படி ஆகுமா? தங்கையை எங்கள் அத்தை மகனுக்குப் பேசியிருக்கிறார்கள், கட்டலாமா? சொந்தத்தில் கொடுத்ததால்தான் இப்படி என்று அப்பா வீட்டுச் சனம் அம்மாவைப் பேசாத பேச்சில்லை.

— ஒரு வாசகி, திருவாரூர் மாவட்டம்

பதில்:

அன்புள்ள அம்மா,

பவுடர் வேண்டாம். இன்னும் பணம் கட்டவில்லை என்றால் கட்டாதீர்கள். கட்டியிருந்தால் அடுத்த மாதத்துக்குக் கட்டாதீர்கள். மகளின் இதயத்துக்கு இந்த ரிப்போர்ட்டால் ஆபத்து இல்லை. இந்த இரண்டையும் முதலில் சொல்லிவிட்டேன். ஏன் என்று சொல்லத்தான் கொஞ்சம் இடம் வேண்டும். காரணம் புரியாவிட்டால் இந்தப் பவுடர்காரர் போனதும் இன்னொருவர் லேகியத்தோடு வருவார்.

உங்கள் வீட்டுக்காரர் சொன்ன மடைக் கணக்கு பாதி சரி. நம் உடம்பில் பெரும்பாலான செல்கள் தனித்தனித் தீவுகளாக இருப்பதில்லை. அடுத்தடுத்த செல்களின் சவ்வுகளைத் துளைத்துக்கொண்டு மிக நுண்ணிய குழாய்கள் ஓடுகின்றன. பொட்டாசியம், கால்சியம் போன்ற உப்பு அயனிகளும், சர்க்கரை போன்ற சிறு மூலக்கூறுகளும் அதன் வழியே இங்கிருந்து அங்கே போகும். சுமார் 1,000 டால்டன் (மூலக்கூறுகளின் எடையை அளக்கும் அலகு) எடைக்கு மேற்பட்ட பெரிய சரக்கு நுழைய முடியாது. இந்தக் குழாய்கள் கூட்டமாக இருக்கும் இடத்தைத்தான் கேப் ஜங்ஷன் என்கிறோம். குழாயைக் கட்டும் புரதம் கனெக்ஸின். மனித உடம்பில் சுமார் 20 வகைக் கனெக்ஸின்கள் உண்டு. பெயரில் இருக்கும் எண் அந்தப் புரதத்தின் எடையைக் குறிக்கிறது. 26 என்றால் 26 கிலோடால்டன், 43 என்றால் 43.

மடைக் கணக்கு எங்கே தவறுகிறது என்றால், வரப்பில் மடையை ஓர் ஆள் மண்வெட்டியால் வெட்டிவிடலாம். இங்கே அது நடக்காது. ஒரு செல் ஆறு கனெக்ஸின்களை வட்டமாக அடுக்கி அரைக்குழாய் ஒன்றைச் செய்து தன் சவ்வில் வைக்கும். பக்கத்துச் செல்லும் ஆறை அடுக்கித் தன் பக்கத்து அரைக்குழாயை வைக்கும். இரண்டும் நேருக்கு நேர் பொருந்தினால்தான் வழி. இன்னொரு வித்தியாசம், வெட்டிய மடை நாம் அடைக்கும்வரை இருக்கும். கனெக்ஸின் குழாய்க்கு ஆயுள் சில மணி நேரம்தான். எலியின் இதயத்தில் கனெக்ஸின் 43ஐ அளந்தபோது, இருப்பதில் பாதி ஒன்றரை மணி நேரத்துக்குள் அழிந்து, அதற்குப் பதிலாகப் புதியது வந்துகொண்டிருந்தது. வாழ்நாள் முழுக்க நிற்காமல் அடிக்கும் இதயத்தில், அதன் துடிப்பைக் கடத்தும் குழாய்களே ஒரு நாளைக்குப் பல முறை பிரித்துக் கட்டப்படுகின்றன. வகுப்பில் முதன்முதலாக இதைப் படித்தபோது எனக்கு நம்பிக்கை வரவில்லை.

செல் ஏன் இப்படி மெனக்கெடுகிறது? வழியைச் சீக்கிரம் கூட்டவும் குறைக்கவும் முடியவேண்டும் என்பதற்காகத்தான். அதற்குப் பல இடங்களில் பிடி வைத்திருக்கிறது. முதல் பிடி மரபணுவிடம். எந்தச் செல்லில், எந்தக் கனெக்ஸினை, எவ்வளவு செய்வது என்பது அங்கே முடிவாகும். செய்த புரதம் சரியான வடிவத்தில் மடங்கவில்லை என்றால் செல்லே அதைப் பிடித்து அழித்துவிடும். தேறியவை ஆறாறாகச் சேர்ந்து, செல்லுக்குள் ஓடும் நுண்குழாய்த் தடங்களின் வழியே சவ்வுக்குப் போய்ச் சேரும். புதியவை கூட்டத்தின் ஓரத்தில் சேரும், பழையவை நடுவில் இருந்து கழியும். கழிக்கும் விதம்தான் வேடிக்கை. ஒரு செல் தன் பக்கத்து அரைக்குழாயோடு பக்கத்துச் செல்லின் அரைக்குழாயையும் சேர்த்து, இரண்டு சவ்வுமாக அப்படியே விழுங்கிவிடும். விழுங்கியது உள்ளே போய்ச் செரிக்கப்படும்.

இது தவிர, இருக்கும் குழாயைத் திறக்கவும் மூடவும் தனி ஏற்பாடு உண்டு. கனெக்ஸின் 43இன் வால்பகுதியில் பாஸ்பேட் என்ற சிறு வேதித்துண்டு ஒட்டும் இடங்கள் நிறைய உண்டு. எந்த நொதி எந்த இடத்தில் பாஸ்பேட்டை ஒட்டுகிறது என்பதைப் பொறுத்து, குழாய் திறக்கலாம், மூடலாம், சவ்வில் தங்கலாம், கழிக்கவும் படலாம். செல்லுக்குள் அமிலம் கூடினாலோ கால்சியம் அளவுக்கு மீறினாலோ குழாய் மூடிக்கொள்ளும். சாகும் செல்லில் இந்த இரண்டும் நடக்கும். அப்போது கதவை அடைத்தால் அண்டை வீட்டுக்காரர்கள் பிழைப்பார்கள்.

இப்போது உங்கள் தாத்தாவுக்கு வருகிறேன். இதயத்தின் கீழறைத் தசையில் முக்கியமாக இருப்பது கனெக்ஸின் 43. மேலறையிலும் மின்கடத்தும் தசையிலும் 40, 45 ஆகியவை உண்டு. 26க்கு அங்கே வேலை இல்லை. இதயத் தசைச் செல்கள் நீளவாக்கில் இருக்கும். கனெக்ஸின் 43 அவற்றின் முனைகளில் குவிந்திருக்கும். அதனால் மின்துடிப்பு நீளவாக்கில் விரைவாக ஓடும். மாரடைப்பில் ரத்தம் நின்ற இடத்தில் பாஸ்பேட்டுகள் கழன்றுபோகின்றன. அதன்பின் வந்த நாட்களில், பட்டுப்போன தசையின் ஓரத்தில் பிழைத்து நிற்கும் செல்களில், கனெக்ஸின் முனையை விட்டுப் பக்கவாட்டுக்கு நகர்கிறது. மொத்த அளவும் குறைகிறது. துடிப்பு அந்த இடத்தில் தயங்கித் தயங்கி, சில சமயம் சுற்றி வளைத்துப் போகிறது. மாரடைப்புக்குப் பின் சிலருக்குத் தாறுமாறாகத் துடிப்பு வருவதற்கு இது ஒரு காரணம். ஆக, தாத்தாவின் மரபணுவில் இருக்கும் கனெக்ஸின் 43 நல்லதாகத்தான் இருக்கும். ரத்தக்குழாய் அடைத்ததால் அதன் பராமரிப்பு கெட்டது. அவருக்கு எழுதிக்கொடுத்த மாத்திரைகளை நிறுத்தாமல் போடச் சொல்லுங்கள். பீடி சுருட்டு இருந்தால் அதையும் விடச் சொல்லுங்கள்.

உங்கள் மகளின் கதை வேறு. கனெக்ஸின் 26 என்பது 226 அமினோ அமிலங்களை வரிசையாகக் கோத்துச் செய்யும் புரதம். டபிள்யூ24எக்ஸ் என்றால், 24ஆவது இடத்தில் டிரிப்டோபேன் என்ற அமினோ அமிலத்தைக் கோக்கச் சொல்லும் எழுத்து மாறி அங்கே 'நிறுத்து' என்று எழுதியிருக்கிறது என்று பொருள். 226இல் 23 கோத்ததும் வேலை நின்றுவிடுகிறது. இரண்டு பிரதியிலும் இதே மாற்றம் என்பதால் முழுப் புரதம் எங்கிருந்தும் வர வழியில்லை. நான் மேலே சொன்ன பிடிகளெல்லாம் புரதம் இருந்தால்தான் பலிக்கும். மரபணுவை இன்னும் பலமாகத் தூண்டினாலும் 23இல் நிற்கும் துண்டுகள்தான் கூடும். அதனால்தான் பவுடர் வேண்டாம் என்றேன். கனெக்ஸினையே பொடியாக்கிக் கொடுத்தாலும் வயிறு அதை மற்றப் புரதங்களோடு சேர்த்துச் செரித்துவிடும், காதுக்குப் போகாது.

அது இல்லாததால் காதில் என்ன கெட்டது? நத்தை ஓடுபோல் சுருண்டிருக்கும் உள்காதில், ஒலியை உணரும் மயிர்ச்செல்கள் பொட்டாசியம் உள்ளே பாய்வதால்தான் வேலை செய்கின்றன. அங்கே நிறைந்திருக்கும் திரவம் சுமார் 80 மில்லிவோல்ட் மின்னழுத்தத்தில் நிற்கிறது. அந்த அழுத்தத்தைக் காக்கும் தாங்கு செல்கள் கனெக்ஸின் 26, 30 குழாய்களால் ஒன்றோடொன்று இணைந்தவை. பிறப்பதற்கு முன்பே உள்காது உருவம் பெறுவதற்கும் அந்த இணைப்பு தேவைப்படுகிறது. கனெக்ஸின் 26 இல்லாமல் வளர்க்கப்பட்ட எலிக்குட்டிகளில் காதின் உள்ளமைப்பே சரியாகத் திறக்கவில்லை. தோலிலும் ஈரலிலும் கனெக்ஸின் 26 உண்டுதான். அங்கே வேறு கனெக்ஸின்கள் கைகொடுப்பதால் உங்கள் மகளுக்கு அங்கே தொந்தரவு தெரியாது. இதே மரபணுவில் வேறு சில மாற்றங்கள் இருக்கின்றன. அவற்றில் புரதம் உண்டாகும், ஆனால் அரைக்குழாய் ஜோடி சேராமலே திறந்துகொண்டு ஒழுகும். அந்தப் பிள்ளைகளுக்குக் காதோடு தோலும் கண்ணும் பாதிக்கும். உங்கள் மகளுடையது அந்த வகை இல்லை.

இதயத்தைப் பற்றி ஒரு வார்த்தை. பிறவியிலேயே கேட்காத எந்தப் பிள்ளைக்கும் ஒருமுறை ஈசிஜி எடுத்துவிடச் சொல்வது என் வழக்கம். முற்றிலும் வேறொரு மரபணுவால், காதும் கேட்காமல் இதயத் துடிப்பும் திடீரென்று தடுமாறும் அபூர்வ நோய் ஒன்று உண்டு. உங்கள் மகளுக்குக் காரணம் தெரிந்துவிட்டதால் அந்தச் சந்தேகம் மிகக் குறைவு. மயக்க மருந்து கொடுக்கும் முன் எப்படியும் எடுப்பார்கள். அப்போது பார்த்துக்கொள்ளலாம்.

'கனெக்ஸினைக் கூட்டினால் நல்லதுதானே' என்று பவுடர்காரர் மறுபடி கேட்கக்கூடும். அதற்குப் பதில் உங்கள் வயிற்றிலேயே இருக்கிறது. இப்போது உங்கள் கர்ப்பப்பைத் தசையில் கனெக்ஸின் 43 மிகக் குறைவு. புரோஜெஸ்டிரோன் என்ற ஹார்மோன் அதை அடக்கி வைத்திருக்கிறது. அதனால்தான் தசை அங்கங்கே இறுகினாலும் ஒட்டுமொத்தமாகச் சுருங்கிக் குழந்தையைத் தள்ளுவதில்லை. பிரசவம் நெருங்கும்போது ஹார்மோன் சமன் மாறி, கனெக்ஸின் கிடுகிடுவென்று ஏறும். செல்கள் இணைந்து ஒரே சுருக்கமாகச் சுருங்கும். அதைத்தான் வலி என்கிறோம். பிரசவ நேரத்தில் கர்ப்பப்பையில் கேப் ஜங்ஷன்கள் பெருகுவதை 1977இலேயே எலிகளில் காட்டியிருக்கிறார்கள். ஐந்தாம் மாதத்தில் உடம்பெங்கும் கனெக்ஸினைக் கூட்டும் மருந்து ஒன்று உண்மையிலேயே இருந்தால், அதன் பக்கத்தில்கூட உங்களைப் போக விடமாட்டேன்.

சர்க்கரை நோயாளியின் காலில் ஆறாத புண்ணிலும் இதே பாடம்தான். சாதாரணமாகத் தோலில் காயம் பட்டால், அதன் ஓரத்துச் செல்கள் கனெக்ஸின் 43ஐக் குறைத்துக்கொண்டு, கட்டவிழ்ந்து, நகர்ந்து காயத்தை மூடும். சர்க்கரை நோய் கொடுத்த எலிகளில் பார்த்தபோது, குறையவேண்டிய அந்த ஓரத்தில் அது கூடியிருந்தது, புண் ஆறத் தாமதமானது. புற்றுநோயில் இன்னும் சிக்கல். கட்டி தொடங்கும் காலத்தில் பெரும்பாலும் செல்கள் அண்டைச் செல்களோடு பேச்சை முறித்துக்கொள்கின்றன. 1966இலேயே இதைக் கவனித்திருக்கிறார்கள். பரவும் கட்டத்தில் சில புற்றுச் செல்கள் புதிய இடத்தில் ஒட்டிக்கொள்ள அதே கனெக்ஸினைத் துணைக்கு அழைக்கின்றன.

பெரிய மருந்து ஆராய்ச்சியாளர்களும் இதில் கைவைத்துப் பார்த்துவிட்டார்கள். டேனெகாப்டைட் என்ற மருந்து, மாரடைப்பு நேரத்தில் கனெக்ஸின் 43ஐக் காத்துத் தசைச் சேதத்தைக் குறைக்கும் என்று எதிர்பார்த்து, நோயாளிகளிடம் முறையாகச் சோதிக்கப்பட்டது. சேதம் குறையவில்லை. அத்தனை கட்டுப்பாட்டோடு செய்த சோதனையின் கதி அது. ஆறு மாதத்துக்கு 28,800 ரூபாய் போவதை விடுங்கள். உங்கள் மகளின் வயதில் அந்த ஆறு மாதம் போவதுதான் எனக்குக் கோபம்.

அந்த ஆறு மாதத்தில் என்ன செய்யலாம் என்று சொல்கிறேன். கனெக்ஸின் 26 இல்லாததால் கெட்டது உள்காது. அங்கிருந்து மூளைக்குப் போகும் செவிநரம்பு நல்ல நிலையில் இருக்கும். காக்ளியர் இம்பிளான்ட் என்ற கருவி, கெட்ட பகுதியைத் தாண்டி நேரே நரம்பைத் தூண்டுகிறது. அதனால்தான் இந்த மரபணு மாற்றம் உள்ள பிள்ளைகள் இம்பிளான்டில் பொதுவாக நன்றாகத் தேறுகிறார்கள். ரிப்போர்ட்டைப் பார்த்து நீங்கள் அழுதிருப்பீர்கள். ஒரு காது மருத்துவர் அதைப் பார்த்தால், இது தேறும் காது என்றுதான் நினைப்பார். மூளை பேச்சைக் கற்கும் ஜன்னல் வயது ஏற ஏறக் குறுகும். முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் 6 வயதுக்கு உட்பட்டவர்களுக்கு இந்த அறுவைச் சிகிச்சை உண்டு. 6 வரை நேரம் இருக்கிறது என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். இரண்டு வயதுக்குள் முடிந்தால் மிக நல்லது.

காப்பீட்டு அட்டை, பெரா ரிப்போர்ட், மரபணு ரிப்போர்ட் மூன்றையும் எடுத்துக்கொண்டு திருவாரூரில் மாவட்ட ஆரம்ப இடையீட்டு மையத்துக்கோ, தஞ்சை மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் காது மூக்கு தொண்டைப் பிரிவுக்கோ இந்த வாரமே போங்கள். முதலில் காது கேட்கும் மெஷின் மாட்டிச் சில காலம் பார்ப்பார்கள், ஸ்கேன் எடுப்பார்கள். தடுப்பூசி அட்டையில் நிமோகாக்கல் ஊசி போட்டாயிற்றா என்று பாருங்கள். இம்பிளான்ட் வைத்தவர்களுக்கு மூளைக்காய்ச்சல் ஆபத்து சற்றுக் கூடுதல் என்பதால் முன்கூட்டியே முடித்திருக்க வேண்டும். அறுவைச் சிகிச்சை சில மணி நேர வேலை. அதன் பிறகு வாரந்தோறும் நடக்கும் கேட்புப் பேச்சுப் பயிற்சிதான் நீண்ட வேலை, அதில் பாதி உங்கள் அடுக்களையில் நடக்கும். கைக்குழந்தையும் இருக்கும் என்பதால், பயிற்சிக்கு யார் அழைத்துப் போவது என்று வீட்டில் இப்போதே பேசிவைத்துக்கொள்ளுங்கள். தாத்தாவுக்கு நடக்கத் தெம்பிருந்தால் அவரே பொருத்தமான ஆள். வைத்தீஸ்வரன் கோயிலுக்கு மொட்டை நேர்ந்திருந்தால் தாராளமாக அடித்துவிட்டு வாருங்கள், தலையை மழிக்கும் வேலை மருத்துவமனைக்கு மிச்சம். சம்பா அறுப்பு முடியட்டும் என்று மட்டும் தள்ளாதீர்கள்.

மரபணுச் சிகிச்சையைப் பற்றியும் யாராவது சொல்வார்கள். 2024இல் ஓட்டோஃபெர்லின் என்ற வேறொரு மரபணுக் கோளாறுள்ள குழந்தைகளுக்கு அப்படிச் செய்து காது கேட்டதாக வெளிவந்த செய்தி உண்மை. உங்கள் மகளுக்கு இன்று கையில் கிடைக்கும் சிகிச்சை அது இல்லை. அதற்காகக் காத்திருக்கவும் கூடாது.

அடுத்த குழந்தை. உங்களுக்கும் உங்கள் வீட்டுக்காரருக்கும் ஒரு பிரதி நல்லது, ஒரு பிரதி மாறியது. நல்ல பிரதி ஒன்றே போதும் என்பதால் இருவருக்கும் காது கேட்கிறது. ஒவ்வொரு கர்ப்பத்திலும் மாறிய பிரதி இரண்டும் சேர்ந்து காது கேளாமல் போக நான்கில் ஒரு வாய்ப்பு. முதல் பிள்ளைக்கு ஆனதால் இரண்டாவது தப்பும் என்றும் இல்லை, கட்டாயம் வரும் என்றும் இல்லை. பனிக்குட நீரை எடுத்து இப்போதே பார்க்கவும் முடியும். ஊசி போடுவதில் கருச்சிதைவு ஆபத்து சிறிதளவு உண்டு. தெரிந்துகொண்டு என்ன செய்யப்போகிறீர்கள் என்பதை நீங்கள் இருவரும் பேசிவிட்டு முடிவெடுங்கள், ஊரைக் கேட்டு எடுக்காதீர்கள். என் விருப்பத்தைக் கேட்டால், பிறக்கட்டும் என்பேன். பிறந்த நாளிலேயே தொப்புள்கொடி ரத்தத்தை மரபணுச் சோதனைக்கு அனுப்பச் சொல்லுங்கள். வீட்டுக்குப் போகுமுன் காதுச் சோதனையும் செய்யச் சொல்லுங்கள். ஒரு மாதத்துக்குள் முதல் சோதனை, மூன்று மாதத்துக்குள் உறுதி, ஆறு மாதத்துக்குள் மெஷின் என்பதுதான் உலகெங்கும் பின்பற்றும் கணக்கு. மூத்தவளுக்குப் போன காலம் இளையதுக்குப் போகாது.

உங்கள் அம்மாவைப் பேசுகிறவர்களுக்கு என்ன சொல்வது? சொந்தத்தில் கட்டியதில் பங்கே இல்லை என்று நான் பொய் சொல்லமாட்டேன். தாய்மாமனும் அக்கா மகளும் மரபணுக்களில் கால் பங்கைப் பொதுவாகக் கொண்டவர்கள். தாத்தா, அம்மாச்சி இருவரில் ஒருவரிடம் இருந்த மாற்றம் மகன் வழியாக ஒன்றும் மகள் வழியாக ஒன்றுமாக வந்து உங்கள் பிள்ளையிடம் சேர்ந்திருக்கவே வாய்ப்பு அதிகம். அதே சமயம், டபிள்யூ24எக்ஸ் இந்தியாவில் இந்த மரபணுவில் காணும் மாற்றங்களிலேயே மிகப் பரவலானது. பல நூற்றாண்டுகளுக்கு முன் இந்தியாவில் இருந்து ஐரோப்பா போன ரோமா மக்களிடமும் இன்றுவரை இருக்கிறது. சொந்தமே இல்லாத தம்பதிகளுக்கும் இதே ரிப்போர்ட் வருகிறது. உங்கள் அம்மா தம்பிக்குப் பெண் கொடுத்த நாளில் இது அவர் கண்ணுக்குத் தெரிய வழியே இல்லை. பேசுகிற சனத்தில் எத்தனை பேர் வேறு எந்தெந்த மாற்றங்களைச் சுமக்கிறார்களோ, அவர்களுக்கும் தெரியாது.

தங்கை விஷயத்தில் அவசரப்பட்டு முறிக்கவும் வேண்டாம், கண்ணை மூடிக்கொண்டு முடிக்கவும் வேண்டாம். மாற்றம் உங்கள் அம்மா வழியில் வந்திருந்தால், அப்பாவின் அக்கா தங்கை பிள்ளையான அத்தை மகனிடம் அது இருக்கவேண்டிய விசேஷக் காரணம் இல்லை. அம்மாவிடம் இருந்தால் தங்கையிடம் இருக்க இரண்டில் ஒரு வாய்ப்பு. ஆகவே முதலில் அம்மாவின் ரத்தம், அப்புறம் தங்கையுடையது. தங்கையிடம் இருந்தால் மட்டும் மாப்பிள்ளையுடையது. எந்த இடத்தில் என்ன மாற்றம் என்று தெரிந்திருப்பதால், அந்த ஓர் இடத்தை மட்டும் பார்க்கச் சொன்னால் முழுச் சோதனையைவிடச் செலவு மிகக் குறையும். மகளின் ரிப்போர்ட் நகலைக் கூடவே கொடுங்கள். மற்ற மரபணுக்களில் சொந்தத்தால் வரும் கூடுதல் வாய்ப்பு தனிக் கணக்கு. அத்தை மகன், மாமன் மகள் என்றால் பொதுப்பங்கு எட்டில் ஒன்று. இரண்டு வீட்டிலும் வேறு பிறவி நோய்கள் இருந்தனவா என்று பெரியவர்களிடம் விசாரித்து எழுதிக்கொண்டு, நிச்சயத்துக்கு முன்னால் மரபணு ஆலோசனைக்குப் போய் வரச் சொல்லுங்கள்.